ரீயூனியன் மலைப்பகுதியில் பெருமழை: புதிதாகக் குடிவந்தவர்கள் செய்து வைக்க வேண்டியவை

கல்யாணமாகியோ, கோயில் வேலைக்கோ, படிக்கவோ தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வருகிறவர்கள் புயல் என்றதும் காற்றுக்குத்தான் பயப்படுகிறார்கள். மலையடிவாரத்தில் வீடு என்றால் மழைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 1966 ஜனவரியில் இங்கே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். 1980-இல் வந்த இயாசந்த் புயலில் காற்று பெரிதாக இல்லை. ஆனால் தீவை விட்டு விலகாமல் சுற்றிச் சுற்றி வந்து நாள்கணக்கில் கொட்டியது; 25 பேர் இறந்தார்கள்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையில் ஏறி மேகமாகிக் கொட்டுகிறது. சரிவோ குத்துச் சரிவு. மேலே மலை ஊர்களான சலாசியிலோ சிலாவோஸிலோ விழுந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரலாம் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கீழே உள்ள முதல் இரண்டு வேலைகளை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

1. காய்ந்து கிடக்கும்போதே ராவினைப் போய்ப் பாருங்கள்

மலையிலிருந்து இறங்கும் ஓடைப் பள்ளத்தை இங்கே ராவின் என்பார்கள். வருஷத்தில் பாதி நாள் வெறும் கல்லாகக் கிடக்கும். மழையில்லாத ஒரு காலையில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ராவினின் கரையோரமாகக் கொஞ்சம் மேலே நடந்து போங்கள். மரக்கிளைகளில் காய்ந்த சருகும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். போன வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. அந்த உயரத்தை உங்கள் வாசற்படியோடு ஒப்பிடுங்கள். வாசல் தாழ்வாக இருந்தால் சிவப்பு எச்சரிக்கை வருவதற்கு முன்பே வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். யார் வீட்டுக்கு என்பதை இன்றே பேசி வையுங்கள். பக்கத்தில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கிளை, வாழைமட்டை, கோயில் பூக்குப்பை எதையும் ராவினில் போடாதீர்கள். அடைப்பு உடையும்போது வெள்ளம் மொத்தமாக இறங்கும்.

2. வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு

சலாசியின் கிராண்ட்-இலே பகுதியில் நிலம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பதை நிலவியலாளர்கள் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். நம்மிடம் கருவி இல்லை. இரண்டு ஆணி போதும். சுவரிலோ சிமென்ட் தரையிலோ விரிசல் தெரிந்தால் அதன் இருபுறமும் ஒவ்வோர் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, தேதியோடு பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மழைக்கு அப்புறம் மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் மேரியில், அதாவது நகராட்சியில், போட்டோவோடு போய்ச் சொல்லுங்கள். திடீரென்று கதவு இறுகுவது, மரமும் வேலியும் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது ஆகியவையும் எச்சரிக்கைகள்.

3. எச்சரிக்கையைப் பிரித்துப் படியுங்கள்

புயல் எச்சரிக்கை வேறு, பெருமழை எச்சரிக்கை வேறு. புயலே இல்லாமல் மழை எச்சரிக்கை மட்டும் வரும். அதையும் அதே கவனத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். புயலுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று நிறம் ஏறும். ஆரஞ்சில் பள்ளிகள் மூடப்படும். இடம் மாற வேண்டியவர்கள் மாறும் நேரம் அதுதான். சிவப்பு வந்துவிட்டால் வெளியே போகத் தடை. ஊதா நிறம் 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது அறிவிக்கப்பட்டது.

4. பை

குடிநீர், மருந்து, டார்ச், ரேடியோ, பவர் பேங்க், அடையாள அட்டையும் காப்பீட்டுக் காகிதமும் பிளாஸ்டிக் உறையில். பெருமழைக்குப் பின் குழாயில் செம்மண் கலங்கலாக வருவது இங்கே வழக்கம், அதனால் தண்ணீரைத் தாராளமாகச் சேமியுங்கள்.

5. மழை கொட்டும்போது: ராதியேவைக் கடக்காதீர்கள்

ராவினுக்குக் குறுக்கே, ஆற்றுப்படுகை மட்டத்திலேயே போட்ட சிமென்ட் சாலைதான் ராதியே. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழேதானே தண்ணீர் என்று தோன்றும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும்; 30 செ.மீ. இருந்தால் சின்னக் காரை மிதக்க வைத்துவிடும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஒரு வண்டி கடந்து போனது உங்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும், அக்கரையில் பிள்ளை காத்திருந்தால் காத்திருக்கட்டும், வண்டியைத் திருப்புங்கள்.

தைப்பூசம் வருவதும் இந்தப் பருவத்தில்தான். காவடிக்கோ கரகம் ஜோடிக்கவோ ஆற்றங்கரைக்குப் போவதென்றால், மழை எச்சரிக்கை உள்ள நாளில் அந்தச் சடங்கைக் கோயில் குழாயடியில் செய்யச் சொல்லி நிர்வாகத்திடம் தைரியமாகக் கேளுங்கள். சாமி குறை சொல்லாது.

ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று குறைந்தாலோ, மேலே கல் உருளும் சத்தம் கேட்டாலோ பக்கவாட்டில் மேடேறுங்கள்; ஓடையோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடாதீர்கள். வீட்டுக்குள் இருந்தால் சரிவைப் பார்த்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். மாடி இருந்தால் மாடியில், சரிவுக்கு எதிர்ப்புறம் படுங்கள். ஆபத்துக்கு 112.

6. மழை விட்ட பிறகு

ஊறிய மண் மழை நின்று ஒன்றிரண்டு நாள் கழித்தும் சரியும். சிலாவோஸ், சலாசி சாலைகளில் கல் விழுவது அப்போதும் நிற்காது. சாலை திறந்தாயிற்று என்று அறிவிப்பு வந்த பிறகே கிளம்புங்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும், சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும் போட்டோ எடுங்கள். அரசு அந்தப் பகுதிக்கு இயற்கைப் பேரிடர் ஆணை வெளியிட்டால், அன்றிலிருந்து 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கெட்டுப்போன சாமான்களை அவர்கள் வந்து பார்க்கும்வரை தூக்கி எறிய வேண்டாம்.