முதலில் அம்புக்குறி, அப்புறம்தான் சூத்திரம்

கடலூர் பக்கம் ஸ்டேட் போர்டு, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது சி.பி.எஸ்.இ., ஆனால் பிளஸ் டூ நிலைமின்னியலில் இரண்டு பக்கமும் மார்க் போவது ஒரே இடத்தில்தான். பல புள்ளி மின்துகள்களின் மின்புலத்தைக் கேட்டால் ஒவ்வொன்றின் எண்மதிப்பையும் கண்டுபிடித்து அப்படியே கூட்டிவிடுகிறார்கள். மின்புலம், அதாவது ஓரிடத்தில் ஒரு கூலூம் நேர் மின்துகள் மீது செயல்படும் விசை, வெக்டர்; அளவோடு திசையும் உண்டு, திசை தெரியாமல் கூட்டவே முடியாது.

+1 நானோகூலூம், −1 நானோகூலூம், இடையில் 20 செ.மீ. நடுப்புள்ளியில் மின்புலம் என்ன? பிளஸும் மைனஸும் அடிபட்டுவிடும், சுழி என்று எழுதுபவர்கள் நிறைய. அங்கே அடிபடுவது மின்னழுத்தம், அது ஸ்கேலர், திசை கிடையாது. நடுவில் ஒரு நேர் சோதனை மின்துகளை வைத்துப் பாருங்கள்: பிளஸ் தள்ளுகிறது, மைனஸ் இழுக்கிறது, இரண்டும் ஒரே பக்கம்தான். kq/r² சூத்திரத்தில் (k = 9 × 10⁹, r = 0.1 மீட்டர்) தலைக்கு 900, ஆக 1800 நியூட்டன்/கூலூம்.

திசையை அம்புக்குறியில் காட்டிவிட்டு சூத்திரத்திலும் மைனஸைப் போட்டால் ஒரே குறியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும், அதனால் சூத்திரத்துக்கு எண்மதிப்பு மட்டும் போதும். தூரத்தை அந்தந்த மின்துகளிலிருந்து அளக்க வேண்டும், ஆதிப்புள்ளியிலிருந்து அல்ல. 10 செ.மீ.யை 0.1 மீட்டர் ஆக்காமல் போட்டால், தூரம் இருமடியில் வருவதால், விடை 10,000 மடங்கு குறைந்துவிடும்.

நேர்கோட்டில் இல்லாவிட்டால் கூறுகளாகப் பிரித்தே ஆக வேண்டும். சமபக்க முக்கோணத்தின் இரண்டு முனைகளில் சமமான நேர் மின்துகள்கள் இருந்தால் மூன்றாவது முனையில் விடை ஒன்றின் இரு மடங்கு இல்லை, √3 மடங்கு; கிடைக் கூறுகள் அடிபட்டுப் போகின்றன. ஒன்றை எதிர்க்குறியாக்கினால் வெறும் 1 மடங்குதான், படம் வரைந்தால் உடனே தெரியும்.

மின்புலம் சுழியாகும் புள்ளியைக் கேட்டால்தான் நிஜமான வம்பு. +1, −4 நானோகூலூம், அதே 20 செ.மீ. என்றால் எண்மதிப்புகளைச் சமப்படுத்தும் இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தரும்: சின்னதற்கு வெளிப்பக்கம் 20 செ.மீ., இல்லையென்றால் நடுவே சின்னதிலிருந்து சுமார் 6.7 செ.மீ. நடுவில் இரண்டு அம்பும் ஒரே திசை, அங்கே எண்மதிப்புகள் சமம்தான், ஆனால் ஒன்றையொன்று அழிக்காது. அதை அடித்துவிட்டு வெளியில் உள்ளதை எழுதுங்கள். இரண்டுமே பிளஸ் என்றால் கதை தலைகீழ், அந்த 6.7 செ.மீ.தான் சரியான விடை.