நகரத்துச் சிறு நெடுஞ்சாலையின் வரலாற்றை எழுதுவது எப்படி: டெட்ராய்ட்டின் ஐ-375

சிறிய சாலைதானே, இரண்டு பத்தியில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள ஐ-375 என்னும் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலை ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர்தான், ஆனால் 1959இல் பணி தொடங்கி 1964இல் திறக்கப்பட்டது என்பதோடு நிறுத்தினால், அதன் வரலாற்றில் பாதிகூட வந்திருக்காது. திறப்பு நாளிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் பழைய பெயர்களைத் திரட்டுங்கள். கிரைஸ்லர் ஃப்ரீவே எனப்படும் இத்தடம் திட்ட நிலையில் ஓக்லண்ட்-ஹேஸ்டிங்ஸ் என்று குறிக்கப்பட்டதால், இன்றைய எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவருக்குத் தொடக்ககாலக் கோப்புகள் அகப்படமாட்டா.

அடுத்து, சாலைக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று பாருங்கள். அதிக உழைப்பைக் கோருவது இதுவே. சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் மரக் கட்டடம் மஞ்சளாகவும் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பாகவும் தீட்டப்பட்டிருக்கும். வீட்டுக்கு 'டி', கடைக்கு 'எஸ்' என்ற எழுத்தும் இருக்கும். ஹேஸ்டிங்ஸ் தெருவைக் கதவெண் வாரியாகப் படித்து, அக்கால முகவரிக் கையேட்டோடு ஒத்துப்பார்த்தால், பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி ஆகிய கறுப்பின மக்களின் பகுதிகளில் யார் எங்கே கடை நடத்தினார் என்பது பிடிபடத் தொடங்கும். நில எடுப்புக்காக நகர நிர்வாகம் எடுத்த பிளாக் பாட்டம் வீட்டுப் படங்கள் டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் தொகுப்பில் உள்ளன, அவற்றைத் தவறவிடாதீர்கள்.

இப்பகுதிகள் இடிக்கப்பட்டதற்கான பழியைப் பங்கிடும்போது நிதானம் தேவை. பிளாக் பாட்டத்தின் பெரும்பகுதி, பழைய குடியிருப்புகளை அகற்ற மத்திய நிதிக்கு வழிசெய்த 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் துணையோடு, ஐம்பதுகளின் முற்பகுதியிலேயே இடிக்கப்பட்டது; அந்நிலத்தில்தான் பின்னர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லாஃபாயெட் பார்க் குடியிருப்பு எழுந்தது. நெடுஞ்சாலை அதற்கும் பிறகு வந்தது. மாநிலங்களுக்கிடையிலான சாலைகளின் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்க வழிசெய்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. இரண்டு இடிப்புகளையும் ஒன்றாக்கி எழுதுவோர் பலர். வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத் தொகுப்பிலுள்ள வான்வழிப் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், எந்த மனை எப்போது வெறுமையானது என்பது விளங்கும்.

கட்டுமான விவரம் சுருக்கமாகவே இருக்கட்டும்: தெரு மட்டத்துக்குக் கீழே தோண்டி அமைத்த சாலை என்பதும், குறுக்குத் தெருக்கள் சில அதனால் துண்டிக்கப்பட்டன என்பதும் போதும். பள்ளத்தைத் தூர்த்துத் தெரு மட்டத்துச் சாலையாக்கும் திட்டத்துக்கு 2022இல் 10.46 கோடி டாலர் மத்திய நிதி அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்கள் இடையில் மாறக்கூடியவை என்பதால், திட்டம் பற்றி எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் அருகில் அது எந்த ஆண்டு நிலவரம் என்று குறித்துவிடுங்கள்.