பக்கத்து வீடு பாழடைந்து கிடந்தால்: பினாங்கில் முறையிடும் வழி

பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரை சரிந்து, முற்றத்தில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து, எலியும் பாம்பும் குடியேறிய பின்னும், "அது அடுத்தவர் சொத்து, நாம் என்ன செய்ய முடியும்" என்று பினாங்கின் பல தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அண்டை வீட்டார் பொறுத்துப் போகிறார்கள். அப்படிப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. சுகாதாரத்துக்குக் கேடான நிலையில் உள்ள வளாகத்தையோ, தேங்கிய நீரையோ, குப்பைக் குவியலையோ அகற்றும்படி உரிமையாளருக்கு அறிவிக்கை அனுப்ப, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) ஊராட்சி மன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. தீவில் பினாங்கு மாநகர் மன்றமும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றமும் அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கின்றன. அறிவிக்கை மீறப்பட்டால் மன்றம் நீதிமன்றம் செல்லலாம். தானே சுத்தம் செய்துவிட்டு, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் செய்யலாம்.

புகாரில் வீட்டின் அலங்கோலத்தை விவரிப்பதைவிட, அதனால் விளையும் கேட்டை எழுதுவதே முக்கியம். எங்கள் முதல் கடிதத்தில் "பக்கத்து வீடு பார்க்கச் சகிக்கவில்லை" என்றுதான் எழுதியிருந்தோம். அதை வைத்து எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டாவது கடிதத்தில் முகவரியையும் லாட் எண்ணையும் (நிலத்தின் மனை எண்) குறிப்பிட்டு, தேதி தெரியும்படி எடுத்த படங்களை இணைத்து, எந்தெந்த இடத்தில் நீர் தேங்குகிறது, எந்தச் சுவர் எங்கள் பக்கம் சாய்கிறது, வீட்டில் யாருக்கு எப்போது டிங்கிக் காய்ச்சல் வந்தது என வரிசையாக எழுதினோம். அதன் பிறகு வந்த சுகாதார அதிகாரி, கொல்லைப்புறக் குளியலறையின் சிமெண்டுத் தொட்டியில் டார்ச்சை அடித்துக் காட்டினார். அரையடி நீரில் நெளிந்த கொசுப் புழுக்களைக் கண்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை மாதம் வெறுமனே கவலைப்பட்டதை எண்ணி என் தாயார் கண் கலங்கினார்.

கொசு விஷயத்திற்குத் தனிச் சட்டமே உண்டு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதிகாரிகள் வளாகத்திற்குள் நுழைந்து சோதனையிடலாம். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தவருக்கு 500 ரிங்கிட் வரை காம்பவுண்டு (நீதிமன்றம் போகாமல் கட்டும் தண்டத்தொகை) விதிக்கலாம். முதல் குற்றத்திற்கே நீதிமன்றம் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையச் சுமார் ஒரு வாரமே போதும். ஆகவே, நீர் தேங்கியிருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும் அதே நாளில் தெரிவியுங்கள்.

சுவரோ கூரையோ விழும் நிலையில் இருந்தால் மன்றத்தின் கட்டடப் பிரிவை அணுக வேண்டும். அங்கே 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) பொருந்தும். ஆபத்து உடனடியானது என்றால் 999 அவசர எண்ணை அழையுங்கள். ஜோர்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதியின் பழைய கடைவீடுகளில் இன்னொரு கவனம் தேவை. வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டு இறுதியில் முடிவுக்கு வந்த பின் அவற்றில் பல காலியாகிவிட்டன. ஆனாலும் 2008 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பகுதி என்பதால், இடித்துத் தள்ளக் கேட்பதை விட, பாதுகாப்பாக முட்டுக் கொடுத்து அடைக்கும்படி கேட்பதே சரி.

பெரும்பாலும் இழுபறி ஏற்படுவது உரிமையாளர் யார் என்ற இடத்தில்தான். பெரியவர் காலமாகி, பிள்ளைகள் சொத்தைப் பெயர் மாற்றாமல் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். லாட் எண்ணை வைத்து நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' எனப்படும் தனியார் தேடலைக் கட்டணம் செலுத்திச் செய்தால், பதிவிலுள்ள பெயர் கிடைக்கும். பக்கத்து லாட் எண் உங்களுடையதற்கு அடுத்த எண்ணாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நில அலுவலக முகப்பிடத்தில் வரைபடத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வாரிசுகளைத் தெரிந்தால் முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள். பலர் நிலைமை தெரியாமலேயே இருக்கிறார்கள். எது எப்படியிருந்தாலும் நீங்களே வேலி தாண்டிச் சென்று வெட்டவோ எரிக்கவோ வேண்டாம், அது அத்துமீறல்.

புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நடந்த தேதியையும், அறிவிக்கையில் தரப்பட்ட கெடுவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்த மறுநாள், முன்பு நின்ற அதே இடத்திலிருந்து படம் எடுத்து, அதே புகார் எண்ணின் கீழ் அனுப்புங்கள். உங்கள் பகுதி மாநகர் மன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஒருமுறை வெட்டிய லாலாங் சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும் என்பதால், எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அந்தப் படம் இன்றும் எடுக்கப்படுகிறது.