நெட்வேர்க் டிரைவரில் லொக் பிழை திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றில் தோட்டம் இறைப்பவர்களுக்கு முறை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாலு பங்காளிகளில் ஒருவர் முறை பார்க்காமல் மோட்டரைப் போட்டால் மற்ற மூவரின் ஒழுங்கும் வீண். நெட்வேர்க் கார்ட்டை இயக்கும் டிரைவரில், ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் பூட்டான லொக்கும் அப்படித்தான். அனுப்பவேண்டிய பக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) காத்திருக்கும் வட்ட வரிசைதான் ரிங். அதில் இடத்தைக் காட்டும் குறியெண்ணை நாலு இடத்தில் மாற்றும் புரோகிராம் கோடில் மூன்று இடத்தில் மட்டும் லொக் இருந்தால் அது காவல் ஆகாது. ஆகவே கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழுந்த வரியைச் சுற்றி அவசரமாக லொக் போடாதீர்கள். அந்தத் தரவை புரோகிராமின் எந்தெந்தப் பகுதி தொடுகிறது என்று முதலில் முழுவதும் தேடுங்கள்.

போன மாரியில், கொக்குவிலில் என் அறையில் ஒரு லினக்ஸ் டிரைவரோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன். நெட்வேர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அனுப்புவது நின்றுவிடும். கேர்னல் பதிவில் ஒரு செய்தி எழுதும் பிரின்ட்கே வரி ஒன்றைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. எடுத்தால் திரும்ப வந்தது. சரி, இருக்கட்டும் என்று அதை அப்படியே விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. பிரின்ட்கே ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது, புரொசெசரின் இரண்டு கோர்கள் மோதும் கணம் தப்பிப் போகிறது, ஓட்டை அங்கேயே இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு கோர் ரிங் நிரம்பியதைக் கண்டு கியூவை, அதாவது கேர்னல் டிரைவருக்குப் பக்கெட் தரும் வரிசையை, நிறுத்தப் போகிறது. அதற்குள் இன்னொரு கோர், அனுப்பி முடிந்த பக்கெட்டுகளை எல்லாம் விடுவித்துவிட்டு, கியூ நின்றிருக்கிறதா என்று பார்க்கிறது. இன்னும் நிற்கவில்லை, எழுப்பத் தேவையில்லை என்று போய்விடுகிறது. பிறகு முதல் கோர் கியூவை நிறுத்துகிறது. இனி முடிவதற்குப் பக்கெட்டும் இல்லை, எழுப்ப ஆளும் இல்லை. அனுப்புவது நின்றுபோனதைக் கவனிக்கும் வாட்ச்டோக் வந்து ரீசெட் செய்யும்வரை அப்படியே கிடக்கும். கியூவை நிறுத்தியதும் ஒரு மெமரி பேரியர் (அதற்கு முன்னும் பின்னும் உள்ள மெமரி வேலைகளின் ஒழுங்கு மாறாமல் காக்கும் கட்டளை) வைத்து, இடம் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, இருந்தால் கியூவை அங்கேயே தொடக்கிவிட வேண்டும். விடுவிக்கும் பக்கத்திலும், குறியெண்ணை மாற்றுவதற்கும் கியூவைப் பார்ப்பதற்கும் நடுவே பேரியர் வேண்டும்.

கார்ட் அழைத்ததும் நடப்பதை இடைமறித்து ஓடும் இன்டரப்ட் ஹாண்ட்லரும் எடுக்கும் லொக்கை வேறிடத்தில் வெறும் ஸ்பின்_லொக்காக (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் லொக்) எடுக்காதீர்கள். அதே கோரில் இன்டரப்ட் வந்தால் ஹாண்ட்லர் லொக்குக்காகச் சுற்றிக்கொண்டே நிற்கும். லொக்கை விடவேண்டிய புரோகிராம் பகுதி ஓடவே முடியாது. அங்கே, அந்தக் கோரில் இன்டரப்டைத் தடுத்துவிட்டு லொக்கை எடுக்கும் ஐஆர்க்யூசேவ் வகைதான் சரி.

ஸ்பின்லொக்குக்குள் தூங்கக்கூடாது, அதாவது கோரை வேறு வேலைக்கு விட்டுக் காத்திருக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜிஎஃப்பி_கேர்னல் என்ற வழக்கமான குறியைப் போட்டு மெமரி கேட்டாலும் தூங்கக்கூடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சோதிக்கும் கேர்னலில் லொக்குகளைக் கண்காணிக்கும் லொக்டெப்பைக் கட்டாயம் போடுங்கள். ஒன்றையொன்று எதிர்பார்த்து எல்லாம் நின்றுபோகும் டெட்லொக் ஒருதரமும் நடக்காவிட்டாலும், லொக்குகளை எடுக்கும் ஒழுங்கை வைத்தே அது எச்சரிக்கும். பேரியர் விடுபட்டதை மட்டும் அது காட்டாது. அதற்கு, இரண்டு கோர்களின் ஓட்டத்தையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக வரிவரியாய் எழுதிப் பார்த்ததுதான் எனக்கு உதவியது.