வங்கியிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி உங்களுடையது

"பேங்க்ல இருந்து பேசுறோம். வெரிஃபிகேஷனுக்காக உங்க பிறந்த தேதி சொல்லுங்க." இப்படி ஒரு அழைப்பு வந்தால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. கூப்பிட்டது அவர்கள், தாங்கள் யார் என்று காட்ட வேண்டியதும் அவர்கள்தான்.

ஓடிபி, பின், சிவிவி மூன்றையும் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வம்பே மற்ற விவரங்களில்தான். அப்பாவின் பென்ஷன் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, அவருடைய பிறந்த தேதியும் பான் எண்ணும் கேட்டார். நான் மறுத்துவிட்டுக் கிளையில் விசாரித்தேன். நிஜமாகவே அவர்கள் ஆள்தானாம்! எனக்கு அதுதான் கோபம். வங்கியே இப்படிக் கேட்டுப் பழக்கிவிட்டால், நாளைக்குத் திருடன் கேட்கும்போது எழுபத்தைந்து வயதுக்காரர் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்?

நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். "எந்த விஷயமா கூப்பிடுறீங்க? புகார் எண்ணோ சர்வீஸ் ரெஃபரன்ஸ் எண்ணோ இருந்தா குடுங்க, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போட்டுப் பேச வேண்டும். கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், அங்கே போலி கஸ்டமர் கேர் எண்கள் ஏராளம். அழைத்தவர் கொடுக்கும் போன் எண்ணும் வேண்டாம். "இப்பவே சொல்லலைன்னா கார்டு பிளாக் ஆயிடும்" என்று அவசரப்படுத்தினால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்தும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. நல்ல அடையாளம்தான். ஆனாலும் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி விவரம் கொடுக்காதீர்கள்.

ஓடிபி குறுஞ்செய்தியை முழுசாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும். அப்பா ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். அதே வரியில் எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு என்றும் பெரும்பாலும் இருக்கும். "கேஒய்சி அப்டேட்" என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்க, செய்தியில் தொகை தெரிந்தால் அவர் திருடன். அவ்வளவுதான்.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? முதலில் வங்கிக்குப் பேசி கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். வெட்கப்பட்டு நேரம் கடத்தாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் நம் தலையில்தான். ஆனால் நாம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அழைத்தது நிஜமான வங்கியே என்றாலும் சும்மா விடாதீர்கள். "வாடிக்கையாளரைக் கூப்பிட்டு விவரம் கேட்காதீர்கள்" என்று எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.