ரிட்டர்ன் இல்லாத வழி: சி நிரலில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சி நிரலைக் கம்பைல் செய்யும்போது, அதாவது கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும்போது, ‘கன்ட்ரோல் ரீச்சஸ் எண்ட் ஆஃப் நான்-வாய்ட் ஃபங்ஷன்’ என்று ஒரு வார்னிங் வரும். ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதாக ஃபங்ஷன் சொல்லியிருக்கிறது. ஆனால் எந்த ரிட்டர்னையும் தொடாமலே கடைசி அடைப்புக்குறி வரை போய்விட ஒரு வழி திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பலர் கடைசி வரியில் ‘ரிட்டர்ன் 0’ என்று ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வார்னிங் போய்விடும், பிழை அப்படியே இருக்கும். திறந்திருக்கும் வழி எது, அங்கே என்ன விடை தர வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

அடிக்கடி நடப்பது, அச்சிடுவதையும் ரிட்டர்னையும் ஒன்றென நினைப்பது. இரண்டு எண்களைக் கூட்டி முழு எண் தரும் ஓர் இன்ட் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4 கொடுக்கிறோம். உள்ளே பிரிண்ட்எஃப் விடையையும் புதுவரிக் குறியையும் அச்சிடுகிறது, ரிட்டர்ன் இல்லை. திரையில் 7 என்று சரியாகவே வரும். ஆனால் ஃபங்ஷன் தந்த மதிப்பை மெயினில் ஒரு மாறியில் வாங்கி அச்சிட்டால் 2 வரக்கூடும். பிரிண்ட்எஃப் தான் அச்சிட்ட எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்: 7 என்ற இலக்கம் ஒன்று, புதுவரிக் குறி ஒன்று. எக்ஸ்86 கணினிகளில் இன்ட் மதிப்பு ஈஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வழியாகத் திரும்புகிறது. நாம் அதில் எதுவும் வைக்கவில்லை, பிரிண்ட்எஃப் விட்டுப்போன எண் அங்கேயே கிடக்கிறது. ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை, மாற்றினால் அந்த 2-உம் மாறலாம்.

ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனில் இதே காரணம் பிழையை மறைத்துவிடுகிறது. பைனரி தேடலில் ‘தேடு(இடப்பாதி)’ என்று அழைத்துவிட்டு, அதன் முன்னால் ரிட்டர்ன் போட மறக்கிறோம். உள்ளே இருந்த அழைப்பு வைத்த விடை ரெஜிஸ்டரிலேயே இருப்பதால் நிரல் சரியாக ஓடுவதுபோல் தெரியும். ஆப்டிமைசேஷனைக் கூட்டும் ‘ஓ2’ (-O2) போட்டுக் கம்பைல் செய்யும் நாளில் உடையும். தன்னையே அழைக்கும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, அதன் விடை மேலே போகிறதா என்று சோதியுங்கள்.

அடுத்து இஃப் சங்கிலி. எண் 0-க்கு மேல் என்றால் 1, கீழே என்றால் -1, சமம் என்றால் 0 என்று மூன்று இஃப் எழுதுகிறோம். வேறு வாய்ப்பே இல்லை என்பது நமக்குத் தெரியும், கம்பைலர் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மூன்றாவது இஃப்பை எடுத்துவிட்டு வெறும் ‘ரிட்டர்ன் 0’ எழுதினால் போதும்.

லூப்பில் நடக்கும் தவறுதான் அதிக நேரத்தைத் தின்னும். அணியில் (அரே) ஓர் எண்ணைத் தேடுகிறோம். கிடைத்தால் அதன் இடத்தை ரிட்டர்ன் செய்கிறோம். கிடைக்காவிட்டால்? வார்னிங்கைப் பார்த்ததும் லூப்புக்கு உள்ளேயே எல்ஸ் போட்டு ‘ரிட்டர்ன் -1’ எழுதுவார்கள். இப்போது முதல் உறுப்பு பொருந்தாவிட்டால் அங்கேயே ஃபங்ஷன் முடிந்துவிடும், மீதி உறுப்புகளைப் பார்க்கவே பார்க்காது. அணி காலியாக இருந்தால் லூப்புக்குள் நுழையாது என்பதால் வார்னிங்கும் போகாது. ‘ரிட்டர்ன் -1’ லூப்பின் அடைப்புக்குறி மூடிய பிறகு வர வேண்டும். அதையும் 0 என்று எழுதிவிடாதீர்கள்: 0 முதல் உறுப்பின் இடம், ‘கிடைக்கவில்லை’ என்று அழைத்தவருக்குத் தெரியாது.

ஈனம் (enum, எண்களுக்குப் பெயர் வைத்த பட்டியல்) மீது ஸ்விட்ச் எழுதி எல்லாக் கேஸ்களிலும் ரிட்டர்ன் வைத்தாலும் ஜிசிசி என்ற கம்பைலர் எச்சரிக்கும், ஏனென்றால் ஈனம் மாறியில் பட்டியலில் இல்லாத எண்ணும் இருக்க முடியும். இதற்கு டிஃபால்ட் போடுவதைவிட, ஸ்விட்ச் முடிந்த பின், நிரலை அங்கேயே நிறுத்தும் ‘அபார்ட்’ (abort) அழைப்பதே மேல். டிஃபால்ட் இல்லாததால், நாளை ஈனத்தில் புதிய பெயர் சேர்ந்தால், அதற்குக் கேஸ் விடுபட்டதைக் கம்பைலரே காட்டும்.

சி++ எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சி-யில், விடுபட்ட மதிப்பை அழைத்தவர் பயன்படுத்தினால்தான் நடத்தை வரையறையற்றதாகிறது, அதாவது என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தராது. சி++-இல் ரிட்டர்ன் இல்லாமல் முடிவை எட்டுவதே போதும். ஜிசிசி 8 முதல், ஆப்டிமைசேஷன் இயங்கும்போது அந்த இடத்துக்கு நிரல் வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. ஓட்டம் அடுத்த ஃபங்ஷனுக்குள் வழுக்கி விழவும் கூடும். மெயின் மட்டும் விதிவிலக்கு: சி99 முதலும் சி++-இலும் ரிட்டர்ன் இல்லாவிட்டால் 0 என்றே கொள்ளப்படும்.

ஜாவா இந்தத் தவறை நேரடியாகப் பிழை என்று நிறுத்திவிடும். பைத்தான் ஒன்றும் சொல்லாமல் ‘நன்’ (None) தரும். சி-யில் ஜிசிசி, வார்னிங்குகளை இயக்கும் ‘டபிள்யூ-ஆல்’ (-Wall) கொடுத்தால்தான் வாய் திறக்கும், ஆகவே முதல் நிரலிலிருந்தே அதைப் போடுங்கள். ‘டபிள்யூ-எரர்=ரிட்டர்ன்-டைப்’ (-Werror=return-type) சேர்த்தால் விடுபட்ட ரிட்டர்ன் இருக்கும்வரை நிரல் கம்பைலே ஆகாது.

ஓர் இடத்தில் மட்டும் வார்னிங் உங்களைக் குழப்பும். பிழைச்செய்தி காட்டி, ‘எக்ஸிட்’ மூலம் நிரலையே முடித்துவிடும் ஃபங்ஷனை நீங்களே எழுதி, வேறொரு கோப்பில் வைத்திருந்தால், அது திரும்பி வராது என்பது கம்பைலருக்குத் தெரியாது. அங்கே போலி ரிட்டர்ன் வைக்க வேண்டாம். அந்த ஃபங்ஷனின் அறிவிப்பில் சி11-இன் ‘_நோரிட்டர்ன்’ (_Noreturn) என்ற சொல்லைச் சேருங்கள்.