மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை டிவிடியில் அடக்குவது எப்படி?

மதுரை தல்லாகுளத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறேன். பென் டிரைவ், ஆன்லைன் லிங்க் எல்லாம் வந்த பிறகும் டிவிடி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் பக்கத்து வீடுகளில் டிவிக்குக் கீழே டிவிடி பிளேயர் இன்னும் இருக்கிறது. பேத்தி கல்யாணத்தை அப்பத்தா யார் உதவியும் இல்லாமல் போட்டுப் பார்க்க அதுதான் வசதி. அவர் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையாமல், நடுவில் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, ஃபைல் 40 ஜிபி இருக்கு. 4.7 ஜிபி டிஸ்க்குல எப்படி ஏத்துறது?" பிளேயரில் ஓடும் டிவிடிக்கு அந்த 40 கணக்கிலேயே வராது. எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். 4கே கேமராவில் எடுத்த இரண்டு மணி நேரமும் பழைய கேமராவில் எடுத்த இரண்டு மணி நேரமும் டிவிடி ஆகும்போது 720க்கு 576 என்ற ஒரே அளவுப் படமாக, எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில் மாறிவிடும். அதன்பின் ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்குகிறோமோ அதுதான் டிஸ்க்கில் பிடிக்கும் இடம். பிட்ரேட் என்று சொல்வது இதைத்தான்.

டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பார்கள். அது 470 கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அதே இடம் கம்ப்யூட்டரில் சுமார் 4.38 ஜிபி என்று தெரியும். அதனால் விண்டோஸில் 4.5 ஜிபி காட்டும் ஃபோல்டர் 4.7 டிஸ்க்கில் ஏறாது. இதில் குழம்பிப்போய் டிஸ்க் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு. கம்பெனி சொன்னது சரிதான்.

இனி பிட்ரேட் கணக்கு. நான் வைத்திருப்பது எளிய வழி: 600-ஐ நிமிடத்தால் வகுங்கள். வருகிற எண்தான் படமும் ஒலியும் சேர்ந்து ஒரு விநாடிக்குக் கிடைக்கும் மெகாபிட். மெனுவுக்கும் ஓரத்தில் விட வேண்டிய இடத்துக்கும் கொஞ்சம் கழித்துத்தான் இந்த 600. இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிடம், 5 மெகாபிட். ஒலிக்கு 0.2 போக படத்துக்கு 4.8. இது நல்ல தரம். இரண்டரை மணி நேரம் என்றால் மொத்தம் 4, படத்துக்கு 3.8. பார்க்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மொத்தமே 3.3தான், அங்கேதான் முகங்கள் கலங்க ஆரம்பிக்கும். ஒரு மணி நேரப் படத்துக்குக் கணக்குப்படி 10 வரும், ஆனால் அதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். டிவிடி விதிப்படி படத்துக்கு உச்சவரம்பு 9.8 மெகாபிட். பழைய பிளேயர்கள் அதற்கு முன்பே திணறும் என்பதால் நான் 8-ஐத் தாண்டுவதில்லை.

ஒலியில்தான் பலர் இடத்தைக் கோட்டை விடுகிறார்கள். மிக்ஸிங் சாஃப்ட்வேரில் ஒலி பிசிஎம் என்று இருந்தால் அது சுருக்காத ஒலி, விநாடிக்கு 1.5 மெகாபிட் தின்னும். இரண்டு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி, ஏறக்குறைய டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு, நாதஸ்வரத்துக்கும் மைக் செட்டுக்குமே போய்விடும். அதை ஏசி3 என்ற சுருக்கிய ஒலியாக, 192 கிலோபிட் என்று மாற்றுங்கள். 0.2 ஜிபிக்குள் முடியும். டிவி ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது. மிச்சமான இடம் முழுக்கப் படத்துக்கு.

அடுத்தது டூ-பாஸ். ரெண்டரிங்கில், அதாவது வெட்டி ஒட்டிய படத்தை ஒரே ஃபைலாக ஆக்கும்போது, சிபிஆர் (படம் முழுக்க ஒரே பிட்ரேட்), விபிஆர் (காட்சிக்கு ஏற்ப மாறும் பிட்ரேட்) என்று இரண்டு வழி கேட்கும். விபிஆர், டூ-பாஸ் (படத்தை இரண்டு முறை ஓட்டிச் சுருக்குவது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் கல்யாண வீடியோவுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்ட, நாலு பக்கமும் அட்சதை பறக்கும், ஃபிளாஷ் மின்னும், கூட்டம் எழுந்து நிற்கும். அந்த அரை நிமிடத்தில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அங்கேதான் கட்டம் கட்டமாக உடையும். மொய் எழுதும் இடத்தில் மேசை, நோட்டு, உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், அவ்வளவுதான் அசைவு. முதல் பாஸில் சாஃப்ட்வேர் முழுப் படத்தையும் பார்த்து எது பரபரப்பு, எது அமைதி என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் பாஸில் மொய்க் காட்சியில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கும். மொத்த அளவு மாறாது, தரம் கூடும். ஜல்லிக்கட்டு எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். வாடிவாசலில் கிளம்பும் புழுதியைப் போல பிட்ரேட்டை விழுங்குவது வேறு எதுவும் இல்லை.

மண்டபத்தில் வெளிச்சம் குறைவாக இருந்து படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தால், ரெண்டர் செய்யும் முன் லேசாக நாய்ஸ் குறையுங்கள். சாஃப்ட்வேருக்கு அந்தப் புள்ளிகளும் அசைவுதான். அவற்றுக்கும் இடம் செலவழிக்கும். கேமராவை முதலிலேயே 25 அல்லது 50 ஃப்ரேமில் வைத்து எடுங்கள். நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறை, விநாடிக்கு 25 ஃப்ரேம். 30-ல் எடுத்து மாற்றினால் மணமக்கள் நடந்து வரும்போது விட்டு விட்டு நடப்பதுபோல் தெரியும்.

சரி, மூன்றரை மணி நேரம் இருந்தால்? வீட்டுக்காரர்கள், "தம்பி, மொய் வச்சதுல ஒருத்தர் முகம் கூட விட்டுப்போகக் கூடாது" என்பார்கள். நியாயமான ஆசை. அந்த முகங்களில் சிலர் அடுத்த விசேஷத்துக்கு இருக்க மாட்டார்கள். ஒரே டிஸ்க்கில் திணித்து எல்லா முகத்தையும் கலங்கலாகக் கொடுப்பதைவிட இரண்டு டிஸ்க்காகக் கொடுங்கள். பிரிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பாதியில் வெட்டாதீர்கள். பெண் அழைப்பு, வரவேற்பு ஒன்றில். முகூர்த்தம் தொடங்கி மறுவீடு வரை இன்னொன்றில். டிஸ்க் மேலேயும் அப்படியே எழுதுங்கள்.

டூயல் லேயர் டிஸ்க் 8.5 ஜிபி. அதற்கு 600-க்குப் பதில் 1,080-ஐ வகுத்துக்கொள்ளலாம். ஆனால் விலை அதிகம், ஒரு அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவும் இடத்தில் பிளேயர் ஒரு நொடி நிற்கும், சில பழைய பிளேயர்கள் படிக்கவே படிக்காது. கிராமத்து வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், படத்தின் அளவை 352க்கு 576 ஆக்கிவிடுங்கள். இதுவும் டிவிடி விதிக்குள் வருவதுதான். குறைந்த பிட்ரேட்டில் படம் கொஞ்சம் மழுங்கலாகத் தெரியும், ஆனால் உடையாது.

சாஃப்ட்வேர் விஷயத்தில் அதிகம் அலைய வேண்டாம். டிவிடி ஸ்டைலர் இலவசம். மெனு போட்டு டிவிடி கட்டமைப்பை உருவாக்கித் தரும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் நல்ல கருவிதான், ஆனால் அது எம்பி4, எம்கேவி போன்றவற்றைத்தான் தரும். அந்த எம்பி4-ஐ அப்படியே டிஸ்க்கில் ஏற்றினால் கம்ப்யூட்டரில் ஓடும், அப்பத்தாவின் பழைய பிளேயரில் ஓடாது.

ஒரிஜினல் ஃபைலையே பாதுகாக்க டிஸ்க்கில் வைப்பது வேறு வேலை. அங்கே ஜிபி கணக்கு திரும்ப வந்துவிடும். இரண்டு தடைகள் உண்டு. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிஸ்க்கிலும் ஃபைல்களை அடுக்கும் ஐஎஸ்ஓ 9660 முறையில் பெரும்பாலும் அதே வரம்புதான், ஆகையால் பெரிய ஃபைலுக்கு யுடிஎஃப் என்ற இன்னொரு முறையைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கைவிடப் பெரிய ஃபைல் என்றால் 7-ஜிப் என்ற சாஃப்ட்வேரில் டிவிடிக்கென்றே 4480 எம்பி என்ற அளவு இருக்கிறது. துண்டு போட்டுத் தரும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஐந்து டிஸ்க்கில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் போகும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் வெட்டினால் தரம் துளியும் குறையாது, ஒவ்வொரு துண்டும் தனியாக ஓடும். ஒரு டிஸ்க் போனால் அந்தப் பகுதி மட்டும்தான் போகும். நிறைய இருந்தால் 25 ஜிபி புளூ-ரே டிஸ்க் வாங்குங்கள். அதற்குத் தனி ரைட்டர் வேண்டும்.

ரைட் பண்ணும்போது நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல், முதலில் ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக ஒரே ஃபைலில், சேமித்து அதிலிருந்து இம்க்பர்ன் என்ற ரைட்டிங் சாஃப்ட்வேர் வழியாகப் போடுங்கள். உறவுக்காரர்களுக்கு எத்தனை காப்பி கேட்டாலும் எல்லாம் ஒன்றுபோல வரும். வேகம் 16 எக்ஸ் என்று இருந்தாலும் 8-ல் வையுங்கள். எட்டு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் வீண். முடிந்ததும் எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வெரிஃபை கட்டாயம். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், டிஸ்க் மார்க்கரால் எழுதினால் போதும். கார் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம் என்று வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்; அக்னி நட்சத்திர வெயிலில் டிஸ்க் வளைந்துவிடும்.

அப்புறம், கொடுப்பதற்கு முன் ஒரு சாதாரணப் பழைய பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது. ஓரத்தில்தான் கோளாறு அதிகம் வரும். முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் அந்த ஓரம்தான் படத்தின் முடிவு. முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது என்று பார்த்துக் கொடுத்துவிட்டால், மறுவீட்டுக் காட்சியில் நிற்கும் டிஸ்க்கோடு வீட்டுக்காரர் திரும்பி வருவார். அங்கே நின்றால் பிட்ரேட்டை 0.2 குறைத்து மறுபடி ரெண்டர் செய்து, வேறு டிஸ்க்கில் போடுங்கள்.